நிறம் மாறினால், நாறினால், உறைந்தால்: களியக்காவிளைப் பக்கத்து வீட்டுக்கும் பள்ளி ஆய்வகத்துக்கும் ஒரு வேதியியல் பிழைநீக்கி

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை ஆனாலும், அந்தப் பக்கம் பாறசாலை ஆனாலும், கிணற்றுத் தண்ணீரும் ரப்பர் பாலும் தேங்காய் எண்ணெயும் ஒரே மாதிரிதான் வம்பு பண்ணும். எல்லைக் கோடு வேதிவினைக்குத் தெரியாது. “டீச்சர், கிணத்து வெள்ளம் ஏன் மஞ்சளாச்சு?” “அண்ணே, பால் உறையல, என்ன செய்ய?” என்று வருகிற கேள்விகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்.

ஏதாவது தப்பாகத் தெரிந்த உடனே நம் ஆட்கள் இன்னொன்றைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். தண்ணீர் கலங்கினால் படிகாரம், எண்ணெய் நாறினால் உப்பு, ரப்பர் பால் உறையாவிட்டால் இன்னும் ஒரு மூடி ஆசிட். கொட்டிய பிறகு எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே முதலில் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் உங்கள் கிணற்று நீர், மற்றதில் சுத்தமான மழைநீர் அல்லது கடையில் வாங்கிய வாலை வடிநீர். செய்வதை இரண்டிலும் ஒரே அளவில் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே விளைவு வந்தால் தண்ணீர்மேல் பழி இல்லை. பிறகு சந்தேகம் பாத்திரத்துக்கும் காற்றுக்கும் போகும். நான் பார்த்தவரை நம் ஊர்த் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றுதான்: தண்ணீர், காற்று, பாத்திரம். கலப்படம் என்று கத்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதிமுகத் தண்ணீர் சிவப்பாக வராமல் மஞ்சளாக நிற்கிறது

பதிமுகம் என்பது குடிக்கும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் மரக்கட்டைச் சீவல். சாப்பாட்டுக் கடையில் டம்ளரில் ஊற்றும்போது இளஞ்சிவப்பாக இருக்கிற அதே பதிமுகம், வீட்டில் கொதிக்க வைத்தால் வெளிறிய மஞ்சளாக வருகிறது என்பது அடிக்கடி வரும் புகார். கட்டை மோசம் என்று முடிவு கட்டாதீர்கள். பதிமுகக் கட்டையில் இருப்பது பிரேசிலின் என்ற பொருள். கட்டையைச் சீவிக் காற்றுப் படும்போது அது ஆக்சிஜனேற்றம் அடைந்து பிரேசிலீன் என்ற சிவப்புச் சாயமாகிறது. இந்தச் சாயம் லிட்மஸ் தாள் மாதிரியே வேலை செய்யும். அமிலத்தில் மஞ்சள், நடுநிலையை ஒட்டி ஆரஞ்சுச் சிவப்பு, காரத்தில் நல்ல சிவப்பு.

சோதிப்பது எளிது. கொதித்து ஆறிய நீரை இரண்டு டம்ளரில் பிரியுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா, மற்றதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. சோடா போட்டதும் அடியிலிருந்து சிவப்பு நூல் நூலாக எழும்பி டம்ளர் முழுக்கப் பரவும். எலுமிச்சை விழுந்த இடம் வைக்கோல் நிறமாகும். இப்படி நடந்தால் கட்டை சரியாக இருக்கிறது, உங்கள் கிணற்று நீர்தான் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கிறது. செம்புரைக்கல் நிலத்தில், அதாவது வெட்டுகல் வெட்டுகிற நிலத்தில், கிணற்று நீர் லேசான அமிலமாக இருப்பது சகஜம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு, மட்கிய இலைகளிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்திருக்கும். நன்றாகக் கொதிக்க வைத்தால் அந்த வாயு வெளியேறி நிறம் கொஞ்சம் ஏறும். அதனால்தான் கடைக்காரரின் நாள்பூரா கொதிக்கிற அண்டாவில் நிறம் தூக்கலாக இருக்கிறது.

சோடா போட்டாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அசையாமல் அதே ரோஜா நிறம் நின்றால், அங்கே செயற்கைச் சாயத்தைச் சந்தேகிக்கலாம். நிறம் சிவப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் கருஊதாவாக மங்கினால் அடுத்த தலைப்புக்குப் போங்கள், அது இரும்பு.

இறைக்கும்போது தெளிவு, அரை மணி நேரத்தில் செம்பழுப்பு

ஆழ்துளைக் கிணற்றில் இது அதிகம். ஆழத்தில் காற்று இல்லாததால் இரும்பு ஃபெரஸ் அயனியாகக் கரைந்து நிறமில்லாமல் இருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் ஃபெரிக் ஹைட்ராக்சைடாக மாறிச் செம்மண் துகள் மாதிரி அடியில் உட்காரும். குழாயைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்: கிணற்றிலிருந்து நேரடியாகக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். இன்னொரு பாட்டிலில் பாதி நிரப்பி நன்றாகக் குலுக்கித் திறந்து வையுங்கள். குலுக்கியது முதலில் பழுப்பானால் இரும்பு தண்ணீரிலேயே இருக்கிறது. இரண்டும் தெளிவாக நின்று, வீட்டுக் குழாயில் பிடித்த நீர் மட்டும் ஆரம்பத்திலேயே பழுப்பாக வந்தால் இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

வீட்டில் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு ஆள் சாயா. பால் சேர்க்காத கட்டன் சாயா அந்தத் தண்ணீரில் மைக் கறுப்பாகிவிடும். தேயிலையிலுள்ள டானின்கள் இரும்போடு சேர்ந்து கருநீலச் சேர்மம் ஆவதுதான் காரணம். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துப் பழைய ஆட்கள் மை காய்ச்சியது இதே வினையால். சந்தேகம் இருந்தால் சாயாவை விட்டுவிட்டுக் கடுக்காய்த் தூள் ஒரு சிட்டிகையை இரண்டு டம்ளரிலும் போடுங்கள். மழைநீர் டம்ளர் வெறும் மஞ்சட்பழுப்பாக இருக்கும், இரும்பு நீர் கறுக்கும்.

தீர்வுக்கு வேதிப்பொருள் தேவையில்லை. நீரை உயரத்திலிருந்து பூவாளி மாதிரிச் சிதறவிட்டுத் தொட்டியில் விழ வையுங்கள், ஒரு ராத்திரி தெளியட்டும், பிறகு மணல் வழியாக வடியுங்கள். அமிலத் தன்மை அதிகமான நீரில் இந்த ஆக்சிஜனேற்றம் மெதுவாகத்தான் நடக்கும். அப்படிப்பட்ட நீரைச் சுண்ணாம்புக்கல் சில்லுகள் வழியாக விட்டால் வேகம் பிடிக்கும்.

ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே வெள்ளை வேட்டியில் கறை விழ ஆரம்பிக்கும். அந்தக் கறைக்கு பிளீச்சிங் நீர் ஊற்றுவதுதான் இங்கே எல்லாரும் செய்வது, அதுதான் தவறு. பிளீச் மிச்சமிருக்கிற ஃபெரஸையும் ஃபெரிக்காக்கித் துணியில் ஆணியடித்துவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வையுங்கள். சிட்ரிக் அமிலம் இரும்பைக் கவ்விக்கொண்டு கரைந்து போகும்.

நீரின்மேல் எண்ணெய் மாதிரி வானவில் ஏடு

மோட்டாரிலிருந்து டீசலோ கிரீஸோ விழுந்துவிட்டது என்று பயப்படுவார்கள். ஒரு ஈர்க்குச்சியால் ஏட்டைத் தொட்டு இழுத்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்த மாதிரி கோணல்மாணலான சில்லுகளாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றால் அது இரும்பும் இரும்பைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்த ஏடு. குச்சி போன வழி உடனே மூடிக்கொண்டு திரும்பவும் ஒன்றாக வழுக்கிச் சேர்ந்தால் எண்ணெய்தான். வயலோரக் கால்வாயிலும் இதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை கிடையாது, செலவும் இல்லை.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டதும் தண்ணீர் பழுப்பாகிவிட்டது

பவுடர் கெட்டது இல்லை. கரைந்திருந்த இரும்பை குளோரின் ஒரே மூச்சில் ஆக்சிஜனேற்றியிருக்கிறது. ஒரு நாள் விட்டால் படிந்துவிடும்.

போடும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆயிரம் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். கிணற்றிலுள்ள நீரின் அளவை இப்படிக் கணக்குப் பாருங்கள்: விட்டத்தை மீட்டரில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, அப்புறம் 785-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 9,400 லிட்டர், பவுடர் சுமார் 24 கிராம். வாளியில் கொஞ்சம் நீரில் குழைத்துக் கரைத்துச் சில நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்க வேண்டாம். பவுடர் பாக்கெட்டைத் திறந்தே வைத்திருந்தால் அதன் குளோரின் காற்றோடு போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூக்கில் நெடி ஏறாத பவுடரைக் கிணற்றில் போட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

இங்கே ஒரு நிறுத்தம். நம் பக்கத்து வீடுகளில் ஒரே கொட்டகையில் பிளீச்சிங் பவுடர், ரப்பருக்கான ஃபார்மிக் ஆசிட், அம்மோனியா, கக்கூஸ் கழுவும் ஆசிட் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இது பல ஊர்களில் இல்லாத ஆபத்து. பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும், ஃபார்மிக்கும் அதில் அடக்கம். பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற இன்னொரு நச்சு வாயு. ஆசிட் அளந்த மக்கில் பிளீச் அளக்காதீர்கள். தொண்டை எரிந்து கண் கலங்கினால் கொட்டியதைக் கழுவப் போகாமல் முதலில் வெளியே வாருங்கள், காற்று வரும் திசையில் நில்லுங்கள், மூச்சுத் திணறினால் ஆசுபத்திரிக்குப் போங்கள்.

ரப்பர் பால் சிரட்டையிலேயே திரிந்துவிடுகிறது

மரத்தில் கட்டிய சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், பால் பிடிக்கிற குலசேகரம், அருமனை பக்கத்துப் பால் வெட்டுகிறவர்களின் தலையாய கவலை இது. பாலில் ரப்பர் துகள்கள் புரத உறையோடு எதிர்மின்சுமை ஏற்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அந்தச் சுமையை அமிலம் சமன்செய்தால் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஆசிட் ஊற்றாமலே பால் திரிகிறது என்றால் வேறு யாரோ அமிலம் போடுகிறார்கள். அந்த “யாரோ” பாக்டீரியா. பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். நேற்றைய ஒட்டுபால் அப்பிய சிரட்டை, கழுவாத வாளி, வெயில் ஏறிய பிறகு எடுப்பது, மழைநீர் பட்டையின் புளிப்பை இறக்கிக் கொண்டு விழுவது, இவை எல்லாம் அதற்கு உதவி.

சிரட்டையைச் சுரண்டிச் சுத்தமாக்கிக் கவிழ்த்து வைப்பது பாதி வேலையை முடித்துவிடும். மீதிக்கு நீர்த்த அம்மோனியாவை அளவாகச் சேர்ப்பார்கள். அம்மோனியா காரம், அமிலத்தைச் சமன்செய்து சுமையைக் காப்பாற்றும். ஆனால் கை தாராளமானால் அடுத்த அறிகுறி வரும்.

ஆசிட் ஊற்றியும் பால் உறையவில்லை

மூன்று காரணம், இந்த வரிசையில் பாருங்கள். முதலில், அம்மோனியா எவ்வளவு விட்டீர்கள்? மூக்கை வாளியில் நுழைக்காமல் கையால் விசிறி மோந்தாலே தெரிந்துவிடும். அந்த அம்மோனியாவைச் சமன்செய்யவே ஆசிட் செலவாகிவிடுகிறது. இரண்டாவது, பாலில் தண்ணீர் அளவுக்கு மேல் போயிருக்கலாம். மூன்றாவது, ஆசிட்டே பழைய நீர்த்த கரைசலாக இருக்கலாம். பாலின் பி.எச்., அதாவது அமிலம் கூடக் கூடக் குறையும் எண், சுமார் 5-க்குக் கீழே இறங்கினால்தான் கட்டியாகும். கடையில் கிடைக்கும் பி.எச். தாள் ஒரு துண்டை நனைத்துப் பாருங்கள், ஊகத்தில் இன்னொரு மூடி ஊற்றுவதைவிட அது மலிவு. அதிகமாக ஊற்றினால் கட்டி இறுகி, உருளையில் போட முரண்டு பிடிக்கும், உருட்டித் தகடாக்கிய ரப்பர் ஷீட் காயவும் நாளாகும்.

ஆசிட்டைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கிய பிறகே பாலில் ஊற்ற வேண்டும். கன்னாசில் வரும் ஃபார்மிக் பெரும்பாலும் 85 சதவீதம். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டால் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஷீட்டில் குமிழி, கறுப்பு, பிசுபிசுப்பு

சின்னச் சின்னக் குமிழி: பாலை உறையவிடும் டிஷ்ஷில் ஊற்றியபின் நுரையை வழித்து எடுக்கவில்லை, அல்லது ஆசிட் குறைந்து உறைவதற்குள் நொதித்து வாயு கிளம்பியிருக்கிறது. மேற்பரப்பு ஊதாக்கறுப்பு: வெட்டிய கத்தரிக்காய் கறுக்கிற அதே நொதிவினை, காற்றும் பீனால்களும் செய்வது. சோடியம் பைசல்பைட் கொஞ்சம் சேர்த்தால் தடுக்கும். பூஞ்சை: ஷீட்டை உருட்டியபின் ஓடும் நீரில் கழுவாமல் தொங்கவிட்டதால் சீரமும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே வெள்ளைத் திட்டு: காயவில்லை, அவ்வளவுதான், புகைக்கூடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

பிசுபிசுப்பு மட்டும் கொஞ்சம் விசேஷம். நன்றாகக் காய்ந்த ஷீட் சில மாதத்தில் இளகி ஒட்டினால், எங்கோ செம்பு பட்டிருக்கிறது. செம்பும் மாங்கனீசும் ரப்பரின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும், நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துண்டுதுண்டாகும். பித்தளைச் சருவம், செம்புக் குடம், பித்தளைக் கரண்டி எதையும் பாலுக்குக் கிட்டே கொண்டுவராதீர்கள். அலுமினிய டிஷ் வழக்கத்துக்கு வந்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல.

தேங்காய் எண்ணெய் உறையவில்லை, உறைந்தால் நல்லதா?

தேங்காய் எண்ணெய் உருகும் வெப்பநிலை சுமார் 24 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியலில் மலையடிவாரத்தில் உறையும், கடலோரத்தில் அதே பாட்டில் உறையாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைந்தால் சுத்தம் என்று ஒரு சோதனை சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பனங்கொட்டை எண்ணெயும் கிட்டத்தட்ட இதே வெப்பநிலையில்தான் உறையும், அதிலும் லாரிக் அமிலம்தான் முக்கியக் கூறு. உறையவே இல்லை, அல்லது கீழே வெள்ளையும் மேலே திரவமுமாகப் பிரிந்து பல நாள் நிற்கிறது என்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் உண்டு. அதற்கு மேல் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

பொரிக்கும்போது பொங்கிப் பொங்கி நுரைத்தால்? நேற்று வேறு எண்ணெயில் பொரித்த மிச்சத்தை அதில் ஊற்றினீர்களா என்று யோசியுங்கள். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புள்ள தேங்காய் எண்ணெயும் நெடுஞ்சங்கிலிக் கொழுப்புள்ள மற்ற எண்ணெயும் கலந்து சூடானால் நுரை எழும். அப்பளத்தின் ஈரமும் சேர்ந்தால் அடுப்பில் வழியும், தீ பிடிக்கும்.

சோப்பு மாதிரி ருசி வந்தால் எண்ணெயில் ஈரம் புகுந்து, லாரிக் அமிலம் பிரிந்து தனியாக நிற்கிறது. காறல் நெடி வந்தால் கொப்பரையிலேயே பூஞ்சை இருந்திருக்கும். கொப்பரையை ஈரம் ஏறத்தாழ 6 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். இரண்டுக்கும் வீட்டு மருந்து இல்லை, விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தால் சரியாகும் என்பது கதை.

தேன் கட்டிவிட்டது

மார்த்தாண்டம் தேனில் பெரும் பங்கு ரப்பர் தோட்டத்திலிருந்து வருவது. ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை ஈக்கள் எடுக்கின்றன. இந்தத் தேன் சீக்கிரமே மணல் மணலாகும். குளுக்கோஸ் நீரில் முழுதும் கரைய முடியாமல் படிகமாவது அது, சர்க்கரைப் பாகு கலந்ததற்கு அத்தாட்சி இல்லை. வெதுவெதுப்பான நீரில், கை பொறுக்கும் சூட்டில், பாட்டிலை நிறுத்தி வைத்தால் இளகும். குமிழியும் புளிப்பு வாசனையும் வந்தால் அது வேறு: ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நொதித்திருக்கிறது. தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது எல்லாம் கெட்டியையும் ஈரத்தையும்தான் காட்டும். கெட்டியான பாகும் அதில் ஜெயித்துவிடும்.

மஞ்சள் கறை சோப்பில் சிவந்தது. அலுமினியச் சட்டி கறுத்தது

மஞ்சளின் குர்க்குமின் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான். நன்றாக அலசினாலோ எலுமிச்சை பட்டாலோ மஞ்சளுக்குத் திரும்பும். வெயிலில் போடுங்கள், வெளிச்சம் அதைச் சிதைத்துவிடும்.

அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தால் உள்ளே சாம்பல் கறுப்பு ஏறுவதும், அதிலேயே குடம்புளி போட்டு மீன் குழம்பு வைத்தால் பளிச்சென்று வெளுப்பதும் ஒரே ஆக்சைடு ஏட்டின் விளையாட்டு. அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. கரைந்தது குழம்புக்குத்தான் போகிறது என்பதால், மீன் குழம்பை மண்சட்டிக்கே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

பள்ளி ஆய்வகம்: பெர்மாங்கனேட்டின் முதல் சொட்டுகள் மறையவில்லை

பிளஸ் டூ செய்முறையில் பெர்மாங்கனேட்டை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஆக்ஸாலிக் அமிலத்தின் அளவைத் தரம்பார்க்கும்போது, முதல் சொட்டிலேயே நிறம் நின்றுவிட்டது, முடிவுநிலை வந்துவிட்டது என்று எழுதிவிடும் பிள்ளைகள் உண்டு. மக்கா, அது முடிவுநிலை இல்லை. கரைசலைச் சூடாக்கினாயா? 60 முதல் 70 டிகிரி வேண்டும், ஆவி பறக்க ஆரம்பிக்கும் நிலை. சூடாக்கியும் முதல் சொட்டுகள் தயங்கும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது, அது கொஞ்சம் சேர்ந்த பிறகு சொட்டுகள் விழுந்த உடனே மறையும். பொறுமையாகக் குலுக்கு. ஆனால் கொதிக்க விடாதே, ஆக்ஸாலிக் அமிலம் சிதையும். ஃபெரஸ் உப்பைத் தரம்பார்க்கும்போது சூடாக்கவே கூடாது, காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும்.

கரைசல் தேயிலை நிறத்தில் கலங்கினால் நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை, மாங்கனீசு டை ஆக்சைடு வந்துவிட்டது. அந்தக் குடுவையைக் காப்பாற்ற முயலாமல் புதிதாக ஆரம்பி. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றியிருந்தால் பெர்மாங்கனேட் குளோரைடையும் தின்னும், அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலம் தானே ஓர் ஆக்சிஜனேற்றி, அளவு குறைந்துவிடும். நிறம் அடர்த்தியாக இருப்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும்.

பியூரெட்டின் அடியில் ரப்பர் குழாயும் கிளிப்பும் உள்ள பழைய ரகத்தை இதற்கு எடுக்காதே. பெர்மாங்கனேட் ரப்பரையே தாக்கும். ரப்பர் விளைகிற ஊரில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது. கையிலும் தொட்டியிலும் படியும் பழுப்புக் கறை எலுமிச்சைச் சாற்றில் போகும்.

எந்த உப்பைக் கரைத்தாலும் குளோரைடு என்று வருகிறது

சில்வர் நைட்ரேட் விட்டதும் எல்லாருக்கும் வெண்கலங்கல். ஆசிரியர் சல்பேட் உப்புக் கொடுத்தாலும் அதே. குழாய் நீரில் கரைத்திருக்கிறீர்கள். கடலோரக் கிணற்று நீரில் உப்பு தாராளம். உப்பே போடாமல் வெறும் நீரில் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். கலங்கினால் வாலை வடிநீர் என்று ஒட்டிய பாட்டிலில் யாரோ குழாய் நீர் நிரப்பியிருக்கிறார்கள். இந்த வெற்றுச் சோதனையைச் செய்முறை வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே செய்துவிட்டால் முழு வகுப்பும் தப்பும்.

சுடர்ச் சோதனையில் எல்லாமே மஞ்சளாக எரிவதும் இதே குடும்பம். கம்பியை விரலால் தொட்டாலே வியர்வையின் சோடியம் போதும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டி, நிறமில்லாமல் எரியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பொட்டாசியத்தின் இளம் ஊதா தெரிய நீலக் கண்ணாடி வழியே பாருங்கள், அது சோடியத்தின் மஞ்சளை விழுங்கிவிடும்.

பழுப்பு வளையம் வரவில்லை

நைட்ரேட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை இது. ஃபெரஸ் சல்பேட் கரைசலின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பச்சை இல்லாமல் மஞ்சட்பழுப்பாக இருந்தால் உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் நடந்ததே பாட்டிலுக்குள்ளும் நடந்திருக்கிறது. அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். கரைசல் புதிது என்றால் கை அவசரம்: அடர் கந்தக அமிலத்தைக் குழாயைச் சாய்த்துச் சுவரோடு வழியவிட வேண்டும், குலுக்கினால் வளையம் கலைந்துவிடும். இன்னொன்று, அடர் கந்தக அமிலம் இருக்கும் மேசைக்கு வீட்டிலிருந்து ஃபார்மிக் ஆசிட் கொண்டுவர வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

சுண்ணாம்புத் தெளிநீர் பாலாகவில்லை, அல்லது பாலாகித் திரும்பத் தெளிந்தது

பாலாகவில்லை என்றால் சுண்ணாம்பு பழசு, காற்றின் கார்பன் டை ஆக்சைடை ஏற்கனவே குடித்துக் கார்பனேட்டாகிவிட்டது. வெற்றிலைக் கடையில் ஈரமாக வைத்திருக்கும் புதுச் சிப்பிச் சுண்ணாம்பை வாங்கி நீரில் கலக்கி, ராத்திரி தெளியவிட்டு, மேலே இருப்பதை வடியுங்கள். உறிஞ்சுகுழலால் ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள். வெண்மை வந்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தால் கால்சியம் பைகார்பனேட் ஆகி மறுபடி தெளியும். அதைச் சூடாக்கினால் திரும்ப வெளுக்கும்.

காரத்தைக் காட்டும் சாயமான பினாப்தலீனின் இளஞ்சிவப்பு அரை நிமிடத்துக்குப் பிறகு மெல்ல மறைவதும் காற்றின் அதே வாயு செய்வதுதான், இன்னொரு சொட்டுக் காரம் விட்டு அளவைக் கெடுக்க வேண்டாம். ஆனால் மிக அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சொட்டு விழுந்ததும் சிவந்து உடனே நிறமற்றுப் போனால் அதற்குக் காற்று காரணமில்லை. அவ்வளவு வலுவான காரத்தில் அந்தச் சாயத்துக்கு நிறமில்லாத இன்னொரு வடிவம் இருக்கிறது. நீரூற்றி நீர்க்கச் செய்தால் சிவப்பு திரும்பும்.

காஸ்டிக் சோடா பாட்டிலின் மூடி திறக்கவில்லை. விரலில் கறுப்புக் கறை

காரம் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சிலிக்கேட் பசையாக்கி மூடியை ஒட்டிவிடும். முறுக்காதீர்கள், கழுத்து உடைந்தால் காரம் கையில். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சுற்றி வெதுவெதுப்பான நனைந்த துணி கட்டி மூடியை மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். அடுத்த முறை பிளாஸ்டிக் பாட்டிலோ ரப்பர் அடைப்போ போதும்.

விரலில் கறுப்பு, நேற்று இல்லாமல் இன்று காலையில் வந்திருந்தால் சில்வர் நைட்ரேட். வெளிச்சம் பட்டு வெள்ளித் துகளாகத் தோலுக்குள் நிற்கிறது. சோப்பு, மண்ணெண்ணெய், பியூமிஸ் கல் எதுவும் வேண்டாம், தோல் உதிரும்போது தானே போகும். அதுவரை சோறு பிசைய எந்தத் தடையும் இல்லை.